சம்பத்திரிசியார் கேட்ட கதைகள்

எங்கள் காலத்தில் மார்ச் 17, சம்பத்திரிசியார் திருநாள் வந்தால் பள்ளிக்கூடத்தில் படிப்புக் கிடையாது. காலையில் பூசை, அப்புறம் விளையாட்டு. அயர்லாந்தில் வேதம் பரப்பிய புனித பேட்ரிக்கைத்தான் சம்பத்திரிசியார் என்கிறோம். அவரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டே விஷயம்: அயர்லாந்திலிருந்து பாம்புகளை விரட்டினார், மூவிலைச் செடியைக் காட்டித் ஒரே கடவுள் மூன்று ஆட்களாய் இருக்கிறார் என்ற திரித்துவத்தை விளக்கினார். 1936 முதல் 1954 வரை எங்கள் பள்ளிக்கூடத்தின் அதிபராக இருந்த லோங் சுவாமியும் அந்த நாட்டுக்காரர்தான் என்று அப்பா சொல்லுவார். அப்பா அவரிடம் படித்தவர். ஆனால் சம்பத்திரிசியார் போய் இறங்குவதற்கு முன்னால் அங்கே யார் இருந்தார்கள் என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை.

நான் கேட்டது டப்ளினுக்கு வேலைக்கு வந்த பிறகு, பழைய ஐரிஷ் அரசர்களின் இடமான தாரா மேட்டில். நகரத்திலிருந்து காரில் முக்கால் மணி நேரம். மழை பெய்து விட்டிருந்தது, புல் சறுக்கியது. போகிற வழியில் சம்பத்திரிசியார் சிலை. கண்டதும் கை தானாக நெற்றிக்குப் போய்விட்டது. மேட்டின் மேலே என் நெஞ்சளவு உயரத்தில் சாம்பல் நிற நடுகல் ஒன்று தனியாக நின்றது. தடவிப் பார்த்தேன், சொரசொரப்பாக, சில்லென்று இருந்தது. அதுதான் லியா ஃபால். உரிய அரசன் ஏறினால் அந்தக் கல் கூவுமாம்.

அந்தக் கல்லைக் கொண்டுவந்தவர்கள் ஐரிஷ் பழங்கதைகளில் வரும் தெய்வ இனத்தாரான தூஹா டே டனன். தனு என்ற தெய்வத்தாயின் மக்கள் என்று பொருள் சொல்லுவார்கள். வடதிசைத் தீவுகளில் மந்திரமும் கலையும் கற்றுவிட்டு, இந்தக் கல்லோடு ஒரு ஈட்டி, ஒரு வாள், வந்தவர் எவரும் பசியோடு திரும்பாத ஒரு கொப்பரை ஆகியவற்றையும் கொண்டு அயர்லாந்தில் இறங்கினார்கள்.

அவர்களுடைய அரசன் நுவாடா. முன்பே அங்கே இருந்த ஃபிர் போல்க் இனத்தாரோடு நடந்த போரில் வென்றான், ஆனால் ஒரு கையை இழந்தான். உடலில் குறையுள்ளவன் ஆளக் கூடாது என்பது அவர்களுடைய முறை. அதனால் ஆட்சி பிரெஸ் என்பவனுக்குப் போனது. தாய் இந்த இனம், தகப்பன் கடலுக்கப்பால் உள்ள ஃபொமோரிய இனம். அழகென்றால் அப்படியோர் அழகன். ஆனால் அவன் வீட்டுக்குப் போய் வந்தவர்களின் கத்தியில் கொழுப்புப் பட்டதில்லை, வாயில் மது மணத்ததில்லை. ஒருநாள் கெய்ர்ப்ரே என்ற புலவன் வந்தான். இருட்டான சின்னக் குடிசை ஒன்றில் அவனை விட்டார்கள். நெருப்பில்லை, படுக்கையில்லை. சின்னத் தட்டில் காய்ந்த அடை மூன்று மட்டும் கிடைத்தது. விடிந்ததும் புலவன் முற்றத்தைக் கடக்கும்போது ஒரு பாட்டுப் பாடினான். அன்றிலிருந்து பிரெஸுக்கு இறங்குமுகம். அயர்லாந்தில் பாடப்பட்ட முதல் வசை அதுதான் என்கிறது கதை. அறம் பாடினால் அரசும் நிலைக்காது என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதில் புதிதாக விளக்க ஒன்றுமில்லை. குறையுள்ளவன் ஆளக் கூடாது என்ற முறை மட்டும் எனக்கு ஒப்பவில்லை. கை போனவன் நல்ல அரசன், ஒரு குறையும் இல்லாத அழகனுக்குக் கொடுக்கத் தெரியவில்லை. கதையே அந்த முறையைப் பொய்யாக்கிவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

நுவாடாவுக்கு வைத்தியன் டியன் கெக்ட் வெள்ளியில் ஒரு கை பொருத்தினான். விரலெல்லாம் அசையும். அவன் மகன் மியாக் அதற்கும் மேலே போனான். மூட்டோடு மூட்டு, நரம்போடு நரம்பு சேர்த்து, ஒன்பது நாளில் சதைக் கையையே திரும்ப உண்டாக்கினான். தகப்பனுக்குப் பொறுக்கவில்லை, மகனை வெட்டிக் கொன்றான். புதைத்த இடத்தில் 365 மூலிகைகள் முளைத்தன. சகோதரி ஏர்மெட் தன் போர்வையை விரித்து, எது எதற்கு மருந்து என்று வகை பிரித்து அடுக்கினாள். தகப்பன் வந்து அதையும் கலைத்துப் போட்டான். மருந்துக் கடையில் இருபது வருடம் நின்றவன் நான். கலைந்து கிடக்கும் அந்தப் போர்வை என் கண்ணைவிட்டுப் போவதே இல்லை.

பிறகு மனிதர்கள் வந்தார்கள். நிலத்தின் மேல்பக்கம் மனிதருக்கு, கீழ்ப்பக்கம் தூஹா டே டனன் மக்களுக்கு என்று பங்கு பிரிந்தது. நியூகிரேஞ்ச் போன்ற புதைமேடுகள் அவர்களுடைய அரண்மனைகள் ஆயின. அந்த மேட்டைக் கட்டி ஐயாயிரம் வருடத்துக்கு மேல் ஆகிறது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். கி.பி. 1200ஐ ஒட்டி எழுதப்பட்ட ஐரிஷ் கதை ஒன்றில், முற்காலத்து வீரன் கீல்டே வயதாகித் தளர்ந்து நம் சம்பத்திரிசியாரைச் சந்திக்கிறான், பழங்கதைகளைச் சொல்லுகிறான். சுவாமிக்குக் கேட்கக் கேட்க ஆசை. ஆனால் செபத்துக்குக் குறை வந்துவிடுமோ என்று ஒரு பயம். காவல் தூதர்கள் இருவர் வந்து, ஒன்றும் விடாமல் எழுதி வை, பின்னால் வருகிறவர்களுக்கு இது இன்பம் தரும் என்கிறார்கள். சுவாமி எழுத்தரிடம் சொல்லி எழுத வைக்கிறார். பாம்பை விரட்டியவரென்றே நாங்கள் அறிந்திருந்த சம்பத்திரிசியார்!

அதே கதையில் தூஹா டே டனன் புலவன் ஒருவனின் மகன் காஸ் கோரக் வந்து இசைக்கிறான். நல்ல இசை, மாயக்காரரின் சாயல் ஒன்று மட்டும் இல்லாவிட்டால் பரலோக இசைக்கு இதைவிட நெருங்கியது வேறில்லை என்கிறார் சுவாமி. பரலோகத்தில் இசை உண்டென்றால் பூமியில் ஏன் இருக்கக் கூடாது என்று எழுத்தர் கேட்கிறார். நான் கூடாதென்று சொல்லவில்லையே என்கிறார் சுவாமி. வாசித்ததற்கு என்ன கூலி வேண்டும் என்றதற்கு, பரலோகம் வேண்டும் என்கிறான் காஸ் கோரக். சரி, தந்தேன் என்கிறார்.