நான் அடித்த ஒரு வரி

"அவர் தன் கவிதைக்கே துரோகம் செய்தார்." ஆஸ்திரியக் கவிஞர் யோஹான் மயர்ஹோஃபர் பற்றிய குறிப்பில் எங்கள் உதவி ஆசிரியர் எழுதியிருந்த இந்த வரியை நான் அடித்து நீக்கினேன்.

"ஏன் அக்கா?"

"தீர்ப்பு சொல்றது நம்ம வேலை இல்லை தம்பி. நடந்ததை மட்டும் எழுது."

"மயர்ஹோஃபரும் தன் தணிக்கை மேஜையில உட்கார்ந்து இதைத்தான் சொல்லியிருப்பார்."

எனக்குப் பதில் வரவில்லை. நடந்தது தம்பி எழுதியபடிதான். 1787இல் ஷ்டையரில் பிறந்து, வியன்னாவில் சட்டம் படித்து, ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக்கின் கெடுபிடிக் காலத்தில் புத்தகத் தணிக்கை அதிகாரியானவர் மயர்ஹோஃபர். விடுதலையை நேசித்தவர், வேலையில் மகா கண்டிப்பானவர் என்று இரண்டையும் நண்பர்களே சொல்லியிருக்கிறார்கள். இசையமைப்பாளர் ஷூபர்ட் அவருடைய 47 கவிதைகளுக்கு இசையமைத்தார். அச்சேறிய ஷூபர்ட்டின் முதல் பாடலே ஏர்லாஃப் ஏரியைப் பற்றி இவர் எழுதியதுதான்.

என்னை விடாமல் பிடித்துக்கொள்வது அந்த அறை. 1818இன் பிற்பகுதியிலிருந்து சுமார் இரண்டு வருடம் அவரும் ஷூபர்ட்டும் அதில் சேர்ந்து குடியிருந்தார்கள். இருண்ட தெரு, சற்றே தாழ்ந்துபோன கூரை, எதிர்க் கட்டடம் மறைத்த வெளிச்சம், தேய்ந்த பியானோ, ஒடுக்கமான புத்தக அலமாரி என்று மயர்ஹோஃபரே பின்னால் நினைவுகூர்ந்தார். அப்படி வாழ்ந்த மனிதருக்கு மாதச் சம்பளம் எவ்வளவு பெரிய விஷயம்! வேலையை ஏன் விடவில்லை என்று நம் நாற்காலியில் இருந்துகொண்டு கேட்பது சுலபம்.

சரி, அவர் தடுத்த புத்தகங்களை எழுதியவர்களுக்கும் வாடகை இருந்திருக்குமே? இதையும் தம்பிதான் கேட்டார். சம்பளத்துக்காக வேலையில் இருந்தார் என்றால் புரிகிறது. அவ்வளவு கண்டிப்பு எதற்கு? அங்கேதான் என் வாதம் ஆட்டம் காண்கிறது.

1836 பிப்ரவரியில் அதே அலுவலகத்தில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தம்பி அதைக் குற்றவுணர்ச்சியோடு முடிச்சுப் போட்டிருந்தார், அதையும் எடுத்துவிட்டேன். நெடுநாள் மனச்சோர்வு, காலரா பயம் என்று வேறு காரணங்களும் பேசப்படுகின்றன. ஒரு சாவை நம் வசதிக்கு விளக்கக் கூடாது என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

முதல் வரி விஷயத்தில் அந்த உறுதி இல்லை. நியாயம் பார்த்து அடித்தேனா, அலுவலகத்தில் நானும் பலமுறை வாயை மூடிக்கொண்டவள் என்பதால் அடித்தேனா? மறுபதிப்பில் சேர்ப்பீர்களா என்று தம்பி கேட்டார். மாட்டேன் என்றேன். ஆனால் நண்பர்கள் சொன்ன அந்தக் 'கண்டிப்பானவர்' என்ற செய்தியைக் குறிப்பின் நடுவிலிருந்து எடுத்து, இரண்டாவது வரியிலேயே வைக்கச் சொல்லியிருக்கிறேன்.