எவரெஸ்ட் வேறு, இமயம் வேறு

சென்ற மாதம் ஒரு சிறுவர் நாவலை மொழிபெயர்த்துக் கொடுத்தேன். அதில் கணக்குத் தேர்வில் மூன்று முறை தோற்றுப்போன ஒரு பெண் வருகிறாள். 'கணக்குதான் அவளுடைய எவரெஸ்ட்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அப்படியே தமிழில் எழுதியிருந்தேன். மெய்ப்பு திரும்பி வந்தபோது அந்த வரியைச் சிவப்பு மையில் அடித்து, 'கணக்கில் அவள் ஓர் இமயம்' என்று திருத்தியிருந்தார்கள். மூன்று முறை தோற்றவள் ஒரே வரியில் மேதையாகிவிட்டாள்!

முதலில் கோபம்தான் வந்தது. இரவு படுத்தபடி யோசித்தபோது, திருத்தியவர் தன் காதில் ஒலித்த தமிழைத்தான் எழுதியிருக்கிறார் என்று புரிந்தது. தமிழில் ஒருவரை இமயம் என்றால் அவர் உயர்ந்தவர், மறுபேச்சில்லை. 'இயக்குநர் இமயம்' என்று பட்டமே கொடுத்திருக்கிறோம். புறநானூற்றின் இரண்டாம் பாட்டில், 'பொற்கோட்டு இமயமும் பொதியமும் போன்றே' நடுக்கமின்றி நிலைத்திரு என்று சேர மன்னனை வாழ்த்துகிறார் புலவர். நமக்கு இமயம் அசையாமல் நிற்பது, அண்ணாந்து பார்க்க வேண்டியது. அதன்மேல் ஒருவன் ஏறுவான் என்ற நினைப்பே அந்த உவமையில் கிடையாது.

ஆங்கிலத்தில் 'என் எவரெஸ்ட்', 'அவளுடைய எவரெஸ்ட்' என்று ஒருவருக்கு உரியதாக வரும்போது, அது மூச்சு வாங்க ஏற வேண்டிய ஒன்று. உச்சியைத் தொடுவோமா என்பது ஏறுகிறவருக்கே தெரியாது. 'இன்ன துறையின் எவரெஸ்ட்' என்றால் மட்டும் அது அந்தத் துறையின் உச்சம். நம் இமயத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் வரி சறுக்கியது.

இத்தனை பொருளைச் சுமக்கும் சொல், அடிப்படையில் ஒரு குடும்பப் பெயர். அதன் சொந்தக்காரர் ஜார்ஜ் எவரெஸ்ட், 1830 முதல் 1843 வரை இந்தியாவின் தலைமை நில அளவையாளர். அவர் தன் பெயரை 'ஈவ்ரெஸ்ட்' என்றுதான் உச்சரித்தார். இன்று உலகம் முழுவதும் சொல்வது அவர் பெயரே அல்ல.

என் வீடு சென்னை ஆதம்பாக்கத்தில். மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது பரங்கிமலை தெரியும். 1802-இல் பிரிட்டிஷ் அளவையாளர் வில்லியம் லாம்டன் இந்த மலையை ஒட்டித்தான் சங்கிலி பிடித்து, நில அளவைக்கு ஆதாரமான முதல் கோட்டை அளந்தார். நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்து அளக்கும் அந்த வேலை அங்கே தொடங்கி வடக்கே வளர்ந்து, லாம்டனுக்குப் பின் எவரெஸ்டின் கைக்கு வந்து, கடைசியில் இமயத்தின் அடிவாரத்தை எட்டியது. 'பதினைந்தாம் சிகரம்' என்று எண் மட்டும் போட்டிருந்த மலையின் உயரத்தைக் கணக்கிட்டதில் வங்காளத்து ராதாநாத் சிக்தாருக்குப் பெரிய பங்கு உண்டு. கணக்கில் இமயம் என்றால் அவரைச் சொல்லலாம். 1856-இல் 29,002 அடி என்று அறிவித்த தலைமை நில அளவையாளர் ஆண்ட்ரூ வாக், தமக்கு முன் அதே பதவியில் இருந்த எவரெஸ்டின் பெயரையே அதற்கு முன்மொழிந்தார்.

ஜார்ஜ் எவரெஸ்ட் மறுத்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. இந்தப் பெயரை இந்தியிலும் பாரசீகத்திலும் எழுத முடியாது, அங்குள்ளவர்களால் சொல்ல முடியாது என்றார். ஆனாலும் 1865-இல் லண்டன் புவியியல் கழகம் அந்தப் பெயரையே ஏற்றுக்கொண்டது. மலையடியில் வாழும் திபெத்தியர்களுக்கு அந்த மலை சோமோலுங்மா, நேபாளத்தில் சகர்மாதா. ஆண்ட்ரூ வாக்குக்கு அங்கே வழங்கிய பெயர் கிடைக்கவில்லையாம். திபெத்தும் நேபாளமும் அப்போது வெளியாரை உள்ளே விடவில்லை என்பது சரி, ஆனால் பெயர் கேட்கும்வரை காத்திருந்திருக்கலாம். இந்த ஆதங்கம் எனக்குத் தீரவே இல்லை. எங்கள் ரயில் நிலையப் பலகையில் தமிழில் 'பரங்கிமலை', ஆங்கிலத்தில் 'செயின்ட் தாமஸ் மவுண்ட்' என்று இரண்டு பெயர்களும் சேர்ந்தே நிற்கின்றன.

பதிப்பாசிரியரிடம் தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் ஏறுவது தெரிகிற மாதிரி எழுதிக் கொடுங்கள் அம்மா" என்றார். இரண்டு சொற்களைச் சேர்த்து அனுப்பினேன்: 'கணக்குதான் அவள் ஏற வேண்டிய எவரெஸ்ட்.'