உடனடி மார்பக மறுசீரமைப்பு: தோலைக் காப்பாற்றுவதே முதல் வேலை

மார்பகத்தை அகற்றும் அதே அறுவையிலேயே அதை மீண்டும் உருவாக்குவதுதான் உடனடி மறுசீரமைப்பு. உள்ளே வைக்க எந்த இம்ப்ளான்ட் (செயற்கை மார்பகப் பை) நல்லது என்றுதான் பலரும் கேட்கிறார்கள். முடிவைத் தீர்மானிப்பதோ, அதைப் போர்த்தப்போகும் தோல். மார்பகத் திசுவை அகற்றும்போது தோலடிக் கொழுப்பின் மெல்லிய அடுக்கைத் தோலோடு விட வேண்டும். தோலுக்கு ரத்தம் தரும் நுண்குழாய்கள் அதில்தான் ஓடுகின்றன. அதைச் சுரண்டினால் தோல் நீலம் பாரித்து, சில நாட்களில் கருகிவிடும். தடிமனாக விட்டாலோ மார்பகத் திசு மிஞ்சும். காம்பை விட்டுவைப்பதானால் அதன் அடித்திசு தனியாகப் பரிசோதனைக்குப் போக வேண்டும். புற்று தெரிந்தால் காம்பையும் எடுத்துவிட வேண்டியதுதான்.

ரத்த ஓட்டத்தில் சந்தேகமா? இண்டோசயனின் கிரீன் சாயத்தை ரத்தக்குழாயில் ஏற்றி அகச்சிவப்புக் கேமராவில் பாருங்கள். ரத்தம் எட்டாமல் ஒளிராத பகுதி பெரிதாக இருந்தால், அன்றே முழு அளவு இம்ப்ளான்ட்டைத் திணிக்காதீர்கள். தோலை மெல்ல விரிக்கும் பலூன் போன்ற பையான எக்ஸ்பாண்டரைக் குறைவாக நிரப்பி வைத்து, புண் ஆறியபின் ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை உப்புநீர் ஏற்றிக்கொள்ளலாம். தையல் இறுகினால் நலிந்த தோல் தாங்காது.

காயத்தில் ஊறும் நீரை வெளியேற்றும் வடிகுழாயை அவசரப்பட்டு உருவ வேண்டாம். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் குறைவாக, தொடர்ந்து 2 நாள் வந்தால் எடுக்கலாம். முன்பே எடுத்தால் நீர் கோத்துக்கொள்ளும், கிருமியும் சேரும். புகைப்பவர்கள் அறுவைக்குக் குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்தியாக வேண்டும். இதில் சலுகையே கூடாது.