பெரிதாக்கக் கூடினோம், கூரையில் தொடங்கினோம்: ஒரு பங்கின் கட்டடத் திட்டம்

ஆலயத்தைப் பழுதுபார்த்து விரிவாக்க வேண்டும் என்று தீர்மானித்தவுடன் எல்லாரும் தேடுவது ஒரு வரைபடக் கலைஞரை. எங்கள் பங்கின், அதாவது ஓர் ஆலயத்தைச் சேர்ந்த கத்தோலிக்க மக்கள் சமூகத்தின், கட்டடக் குழுவில் இருந்த என்னைக் கேட்டால், முதலில் கத்தோலிக்கத் திருஅவையின் சட்டத் தொகுப்பைக் கையில் எடுங்கள் என்பேன். 1983இல் வெளியான அந்தத் தொகுப்பில் கட்டடக் குழு என்று ஒன்று இல்லவே இல்லை. பங்குப் பேரவை உண்டு. ஆனால் 536ஆம் சட்டப்படி அதற்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே. நிதிக்குழு ஒவ்வொரு பங்கிலும் கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறது 537ஆம் சட்டம். சட்டம் சார்ந்த காரியங்களில் பங்கின் சார்பில் நிற்பவர் அதன் பொறுப்புக் குருவான பங்குத்தந்தை. ஆக, எங்கள் குழு எத்தனை கூட்டம் போட்டாலும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் தகுதி எங்களில் ஒருவருக்கும் கிடையாது. இது தெரிந்த நாளிலிருந்து குழுவில் குரல்கள் சற்றுத் தணிந்தன. நல்லதற்குத்தான்.

வழக்கமான நிர்வாகத்தின் எல்லையைத் தாண்டும் செயல்களுக்கு எழுத்து வடிவில் முன் அனுமதி வேண்டும். அது இல்லாமல் செய்தவை செல்லாது என்று 1281ஆம் சட்டம் சொல்கிறது. எது அந்த எல்லை என்பதைப் பல பங்குகளை உள்ளடக்கிய மறைமாவட்டம்தான் வகுக்கிறது. எவ்வளவு தொகைக்கு மேல் போனால் அதன் தலைவரான ஆயரிடம் போக வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும். குழுவில் ஒருவர், நல்ல ஒப்பந்ததாரர் கைநழுவிப் போய்விடுவார், முன்பணம் கொடுத்து வைப்போம், அனுமதிக் கடிதம் பின்னால் வரட்டும் என்றார். ஆர்வத்தில் சொன்னதுதான். மறைமாவட்டப் பொருளாளர் அலுவலகத்துக்குப் போய்வந்த பங்குத்தந்தை அந்தப் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்தார்.

அனுமதி கேட்கும் மனுவோடு கட்டடத்தின் இப்போதைய நிலை பற்றிப் பொறியாளரின் அறிக்கை ஒன்று வேண்டும் என்றார்கள். அப்போது அது வெறும் காகிதச் சடங்காகத் தோன்றியது. திட்டத்தின் போக்கையே மாற்றியது அந்த அறிக்கைதான்.

கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அமர்த்தினோம். அவருக்கும் கட்டப்போகிறவருக்கும் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தோம். நோயைச் சொல்பவரே மருந்தும் விற்றால் நோய்கள் பெருகும். அவர் வந்ததும் உள்ளே நுழையாமல் வெளியே சுற்றிச் சுற்றி வந்தார். மழைநீர் எங்கே விழுகிறது, விழுந்த நீர் எங்கே போகிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் உள்சுவரில் பூத்திருந்த வெள்ளை உப்பைக் காட்டி, என்ன பூச்சு பூசலாம் என்று கேட்டோம். ஒரு பூச்சும் வேண்டாம், ஏற்கெனவே பூசியதுதான் பிரச்சினை என்றார்.

எங்களுடையது பழைய சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய சுவர். இத்தகைய சுவர் தரையிலிருந்தும் மழையிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சும். வெயில் வந்ததும் வெளிவிட்டுவிடும். அதன்மேல் எப்போதோ யாரோ சிமெண்ட் பூசி, நீர்புகா வண்ணமும் அடித்துவிட்டார்கள். உள்ளே போன ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. அது சுவருக்குள்ளேயே மேலேறி, கரைந்த உப்பைப் பூச்சுக்குப் பின்னால் படியவிட்டு, பூச்சைப் பெயர்த்துத் தள்ளியது. ஒவ்வொரு பெருவிழாவுக்கும் முன்பு பெயர்ந்த இடத்தில் மறுபடி சிமெண்ட் அப்பி வண்ணம் அடித்ததெல்லாம் புண்ணைக் கழுவாமல் கட்டுப் போட்ட வேலை. சிமெண்டை உரித்து, சுவர் உலரக் காத்திருந்து, சுண்ணாம்புப் பூச்சு பூச வேண்டும் என்பது அவருடைய பரிந்துரை. அதற்கும் முன்னால் கூரை நீரைச் சுவரிலிருந்து விலக்கிக் கொண்டுபோக வேண்டும்.

விரிசல்களைப் பற்றி எங்களுக்குப் பெரும் பயம் இருந்தது. அவர் விரிசலின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டுகளை ஒட்டித் தேதி குறித்துவிட்டுப் போனார். சுவர் இன்னும் அசைந்துகொண்டிருந்தால் கண்ணாடி உடையும். பெரும்பாலானவை உடையவில்லை; பழைய அசைவு, நின்றுபோனது. மணிக்கூண்டின் அடியில் ஒட்டியவை மட்டும் உடைந்தன. பின்னாளில் சேர்த்த கான்கிரீட் விட்டங்கள் சிலவற்றில் உள்கம்பி துருப்பிடித்திருந்தது. துரு, தான் பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தம்தான் கான்கிரீட்டைப் பிளக்கிறது. மேலே பூசி மறைத்தால் உள்ளே துரு நிற்காது.

அறிக்கையில் எங்களைத் திடுக்கிட வைத்த இடம் வேறு. திருமுழுக்கு (ஞானஸ்நானம்), திருமணப் பதிவேடுகள் இருந்த அறை, ஈரச் சுவரை ஒட்டியிருந்தது. பதிவேடுகளைப் பாதுகாப்பது 535ஆம் சட்டம் பங்குத்தந்தைமேல் வைக்கும் கடமை. ஒரு மனிதர் எங்கே திருமுழுக்குப் பெற்றார், யாருக்குப் பிறந்தார் என்பதற்கு எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தத் தாள் ஒன்றே சான்று. வேறெந்த வேலைக்கும் அனுமதி வருவதற்கு முன்பே அவற்றை உலர்ந்த அறைக்கு மாற்றினோம்.

இனி விரிவாக்கம். இடம் போதவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். எப்போது போதவில்லை என்று கேட்டால் கிறிஸ்துமஸ், பெரிய வெள்ளி, பாஸ்கா (ஈஸ்டர்) என்று மூன்று பதில்கள் வந்தன. குழுவில் இருந்த ஓர் ஆசிரியை, பேசிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக எண்ணிப் பார்ப்போம் என்றார். ஞாயிறு திருப்பலிகள் (பூசைகள்) ஒவ்வொன்றிலும் வருபவர்களைச் சில மாதங்கள் எண்ணினோம். காலைத் திருப்பலிகளில் ஒன்றில் மட்டும் மக்கள் வெளியே நிற்கிறார்கள். மற்றவற்றில் பாதி இருக்கைகள் காலி. காரணம் நேரம்தான். நெருக்கடி உண்மையில் வேறிடத்தில் இருந்தது. மறைக்கல்வி வகுப்புகள் பல ஆலயத்துக்குள்ளேயே ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருந்தன. ஒரு ஆசிரியர் மற்றொருவரைவிட உரக்கப் பேச வேண்டும், இல்லையேல் பிள்ளைகளுக்குக் கேட்காது. துக்க வீட்டார் அமர ஓர் அறை இல்லை. முதியோருக்கு ஏற்ற கழிப்பறை இல்லை. சக்கர நாற்காலியில் வருபவரை நால்வர் தூக்கிப் படியேற்றினார்கள். அதை நாங்கள் பல காலமாக அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தோம், அவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று கேட்டதில்லை.

ஆண்டில் மூன்று நாள் கூட்டத்துக்காக ஆலயத்தின் நீளத்தை இரட்டிப்பாக்கினால் மற்ற நாள்களில் வெற்றிடத்தில்தான் திருப்பலி நடக்கும். அந்தக் கூரையையும் யாராவது ஒருநாள் பழுதுபார்க்க வேண்டும். ஆகவே பக்கவாட்டில் வகுப்பறைகளாகப் பயன்படும் ஒரு புதிய பகுதி. பெருவிழா நாளில் மடக்குக் கதவுகளைத் திறந்தால் அது ஆலயத்தோடு சேர்ந்துகொள்ளும். சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவு. அதாவது ஓர் அடி உயரம் ஏற பன்னிரண்டடி நீளம். படிகளின் இடத்தில் சாய்தளம் வைத்துவிடலாம் என்று நினைத்தவர்கள் இந்தக் கணக்கைக் கேட்டதும் வரைபடத்தை மீண்டும் பார்த்தார்கள்.

பழைய கட்டடமும் புதியதும் ஒரே வேகத்தில் மண்ணில் அமராது. பழையது அமர வேண்டிய அளவு அமர்ந்துவிட்டது; புதியது இனிதான் தொடங்கும். இரண்டையும் இறுகப் பிணைத்தால் விரிசல் நிச்சயம். தனி அடித்தளம், நடுவே அசைவுக்கான இடைவெளி, அந்த இடைவெளியின்மேல் நீர் புகாத மூடி என்று பொறியாளர் வரைந்து கொடுத்தார். புதிய கூரையின் நீர் பழைய சுவரில் விழாதபடி சரிவைத் திருப்பியதும் அவரே.

குரு திருப்பலி நிறைவேற்றும் பீடப் பகுதியைப் பற்றித்தான் கடுமையான வாக்குவாதம். பீடத்தைப் பின்சுவரோடு தள்ளிவிட்டால் முன்னால் இன்னும் சில வரிசை போடலாம் என்பது ஒரு தரப்பு. பீடம் சுவரிலிருந்து விலகி, சுற்றிவர வசதியாக அமைய வேண்டும் என்று திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை, 299ஆம் எண்ணில் சொல்கிறது. எங்கள் பீடம் நிலையானது, சடங்கால் இறைவனுக்கென்று நேர்ந்தளிக்கப்பட்டது, அடியில் புனிதர்களின் திருப்பண்டம், அதாவது அவர்களுடைய உடலின் எச்சம், உள்ளது. நாற்காலியை நகர்த்துவதுபோல அதை நகர்த்த முடியாது. பக்கச் சுவரில் இருந்த பழைய மரச் சுரூபத்துக்கு (புனிதர் சிலைக்கு) புது வண்ணம் அடிக்க ஒரு குடும்பம் முன்வந்தது. பழமையாலோ கலையாலோ பக்தியாலோ மதிப்புமிக்க திருவுருவங்களைச் சீரமைக்க ஆயரின் எழுத்து அனுமதி வேண்டும், அவர் வல்லுநர்களையும் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 1189ஆம் சட்டம் இருப்பதால் அந்த வண்ண டப்பா இன்னும் திறக்கப்படவில்லை. மறைமாவட்டத் திருவழிபாட்டுக் குழுவினர் வந்தபோது அலங்காரத்தைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்து, இங்கிருந்து பீடம் தெரிகிறதா, வாசகம் காதில் விழுகிறதா என்றுதான் பார்த்தார்கள். ஆலயங்கள் கட்டும்போது மக்கள் முனைப்போடு பங்கேற்க ஏற்றவையாக அவை அமைய வேண்டும் என்று உலகெங்குமுள்ள ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் திருவழிபாட்டுச் சாசனத்தில் எழுதியது, அந்தக் கடைசி இருக்கையில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. ஒரு தூண் முழுப் பீடத்தையும் மறைத்தது.

பணத்துக்கு வருகிறேன். முகப்புக்கும் மணிக்கும் வண்ணக் கண்ணாடிக்கும் கொடுக்க ஆள் உண்டு. மழைநீர்க் குழாய்க்குக் கொடுக்க ஆள் இல்லை. பெயர் பொறித்த பலகையை நீர்க்குழாயில் மாட்ட முடியாது அல்லவா? இது கேலி இல்லை, திட்டமிடலின் நடைமுறைச் சிக்கல். ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காக மக்கள் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்கிறது 1267ஆம் சட்டத்தின் மூன்றாம் பிரிவு. முகப்புக்கென்று வந்த பணம் வங்கியில் இருக்கும், கூரை ஒழுகிக்கொண்டிருக்கும், ஒன்றை எடுத்து மற்றொன்றில் போட முடியாது. எனவே வேண்டுகோள் கடிதத்தின் வாசகத்தில் மிகுந்த கவனம் எடுத்தோம். "ஆலயப் பழுதுபார்ப்புக்கும் விரிவாக்கத்துக்கும்" என்று பழுதை முதலில் எழுதினோம். ஒரு பகுதி நடக்காமல் போனாலோ பணம் மிஞ்சினாலோ பங்கின் மற்றக் கட்டடப் பராமரிப்புக்குச் செல்லும் என்று ஒரு வரியும் சேர்த்தோம். இந்த ஒரு வரியை எழுதாமல் எந்தப் பங்கும் நன்கொடை திரட்டத் தொடங்க வேண்டாம். வாக்களித்த தொகையும் கைக்கு வந்த தொகையும் தனித்தனிப் பத்தியில் காட்டப்பட்ட கணக்கை ஞாயிறுதோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். காணிக்கைகளுக்கு மக்களிடம் கணக்குக் காட்டுவதும் சட்டம் கேட்பதுதான். ஆனால் சட்டத்துக்காக இல்லாவிட்டாலும், வதந்தியை அடக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

விலைப்புள்ளிகளை வாங்குவதற்கு முன்பு வேலைகளின் அளவுப் பட்டியலைத் தயாரித்து, அதையே எல்லா ஒப்பந்ததாரர்களுக்கும் கொடுத்தோம். பட்டியல் ஒன்றாக இல்லாவிட்டால் ஒருவர் பூச்சைச் சேர்த்தும் மற்றவர் விட்டும் விலை சொல்வார். எது மலிவு என்று ஒப்பிட முடியாது. பங்கைச் சேர்ந்த ஒப்பந்ததாரர் ஒருவரும் போட்டியிட்டார். அவருடைய நெருங்கிய உறவினர் நிதிக்குழுவில் இருந்ததால், உறைகளைப் பிரித்த கூட்டத்தில் அந்த உறவினர் கலந்துகொள்ளவில்லை. தாமாகவே ஒதுங்கினார், கேட்க வேண்டியிருக்கவில்லை. பழைய கட்டடத்தைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது என்பதால் மதிப்பீட்டில் எதிர்பாராச் செலவுக்கென்று பத்து விழுக்காடு ஒதுக்கச் சொன்னார் பொறியாளர். பழுதுபார்ப்புப் பகுதிக்கு அதைவிடக் கூடுதலாகவே ஒதுக்கினோம்.

வேலை நடக்கும்போது திருப்பலியை எங்கே வைப்பது என்பதையும் மனுவில் எழுத வேண்டியிருந்தது. தேவை ஏற்படும்போது தகுந்த வேறிடத்தில் நிறைவேற்றலாம் என்று 932ஆம் சட்டம் இடம் தருகிறது. பங்கு மண்டபத்தைத் தேர்ந்தோம். திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தை வைக்கும் நற்கருணைப் பேழைக்குப் பூட்டும் பாதுகாப்பும் உள்ள சிறு அறை ஒன்றை ஒதுக்கினோம். திருமணங்களைத் தள்ளிப்போடச் சொல்லலாம், அடக்கத் திருப்பலிக்குத் தேதி குறிக்க முடியாது. எனவே எந்த நாளிலும் ஒரு மணி நேர முன்னறிவிப்பில் சத்தமான வேலைகளை நிறுத்த வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு விதியைச் சேர்த்தோம்.

ஆயரின் அனுமதி இரு கட்டங்களாக வந்திருக்கிறது. கூரை, நீர் வடிகால், மணிக்கூண்டின் அடித்தளம் ஆகியவை முதலில்; அவை முடிந்து ஒரு மழைக்காலம் கடந்த பிறகு பொறியாளர் மீண்டும் அறிக்கை தந்தால்தான் பக்கவாட்டுப் பகுதியைத் தொடங்கலாம். முகப்புக்கு மட்டும் என்று எழுதிப் பெரிய தொகை தந்த ஒருவரிடம், முகப்பு இந்தத் திட்டத்தில் இல்லை, பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் அல்லது நோக்கத்தை மாற்றி எழுதித் தரலாம் என்று பங்குத்தந்தை நேரில் போய்ச் சொல்லியிருக்கிறார். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. அந்தத் தொகை தனிக் கணக்கில் இருக்கிறது.