ஒரே தேதி

"சிஸ்டர், அக்கா வர்ற அன்னைக்குத்தானே எனக்கும் போடுவீங்க? ஏன் மாத்திட்டீங்க?"

"அன்னைக்கு பெட் இல்லம்மா."

"பெட் எதுக்கு? நாற்காலில உக்காந்து ஏத்திக்கிறேன்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் தேதியை மாற்றச் சொன்னது அந்தப் பெண்ணின் கணவர். அக்கா என்றது, கூடவே மருந்து ஏற்றிக்கொள்ள வரும் இன்னொரு நோயாளியை. அவருக்கு நோய் எலும்பைத் தாண்டிக் கல்லீரலுக்கும் போயிருந்தது. கண்ணெல்லாம் மஞ்சள், வயிறு வீக்கம். "அவங்களைப் பார்த்தா இவ மனசு விட்டுருவா" என்றார். நியாயமாகத்தான் பட்டது. இவருக்கு இரண்டாம் நிலை, குணமாக்கத்தான் மருந்து கொடுக்கிறோம். பக்கத்துக் கட்டிலைப் பார்க்கிறவருக்கு அந்த வித்தியாசமெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

ஆனால் இவரைத் தேற்றி வைத்திருந்ததே அந்த அக்காதான். சிவப்பு மருந்து ஏறினால் சிறுநீரும் சிவப்பாகப் போகும் என்று எல்லோருக்கும் சொல்கிறோம். முதல் நாள் பதற்றத்தில் யார் காதிலும் ஏறாது, ராத்திரி போன் வரும். இவரிடமிருந்து வரவில்லை. தலையணையெல்லாம் முடியாகும் முன்பே மொட்டை போட்டுவிடு என்று சொன்னதும் அக்காதான்.

அமெரிக்காவில் டேவிட் ஸ்பீகல் குழுவினர், நோய் பரவிய மார்பகப் புற்றுநோயாளிகள் வாராவாரம் கூடிப் பேசியதில் ஆயுள் கூடியதாக 1989-ல் எழுதினார்கள். 2001-ல் வந்த கனடா ஆய்வில் ஆயுள் கூடவில்லை; மனவேதனையும் வலியும் ஓரளவு தணிந்தன. சரி, அது மட்டும் சின்ன விஷயமா? இதில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் அக்காவைப் போன்றவர்கள். இவருக்காகப் பேச கணவர் வந்தார். அக்காவுக்கு யார் பக்கத்தில் இருந்தால் நல்லது என்று கேட்க யாரும் வரவில்லை.

மாற்றிய தேதியில் அமைதியாகத்தான் வந்தார். வெள்ளை அணுக்கள் சரியாக இருந்தன. நல்லதுதான் செய்தோம் என்று நினைத்துக்கொண்டே ஊசி குத்தினேன். இன்னொரு கையில் போனைத் தூக்கிப் பிடித்து, "அக்கா, நரம்பு கிடைச்சிருச்சு, ஒரே குத்துதான்" என்றார். வீடியோ கால். எந்த முகத்தைப் பார்க்கக் கூடாதென்று தேதியை மாற்றினேனோ அதே முகம், மஞ்சள் கண்ணோடு, "சாப்பிட்டியாடி?" என்று கேட்டது.

அப்படியும் நான் செய்தது தப்பென்று சொல்ல மாட்டேன். போனில் பார்ப்பதும் பக்கத்தில் கிடப்பதும் ஒன்றல்ல. இப்போதும் இரண்டு பேர் சேர்ந்து கேட்டால் ஒரே தேதிதான் எழுதித் தருகிறேன். அவர்களில் ஒருவருடைய ஸ்கேன் வரும்போது என்ன செய்வேன் என்று கேட்டால், ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.