பதிவேட்டில் விடுபடும் கட்டம்

இடுகாட்டை நடத்துகிறவர்களின் கடமைகளில் எளிதாகத் தள்ளிப்போடப்படுவது பதிவேடு எழுதுவதுதான். குழி வெட்டுவதைத் தள்ளிப்போட முடியாது. மழை பிடிப்பதற்குள் வெட்டியாக வேண்டும். லாலான் புல் மண்டினால் கண்ணுக்குத் தெரியும். தீபாவளிக்கு முன் படையல் போட வருகிறவர்கள் முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவார்கள். பதிவேட்டில் ஒரு கட்டம் காலியாகக் கிடந்தால் அன்றைக்கு யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வி இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து வரும். அதற்குள் பதில் தெரிந்தவர்கள் காலமாகியிருப்பார்கள்.

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், ரப்பர்த் தோட்டமாக இருந்து செம்பனைக்கு மாறிய ஒரு நிலத்தின் ஓரத்தில் எங்கள் மயானம் இருக்கிறது. தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, மயான நிர்வாகக் குழுவின் செயலாளர் பொறுப்பும் அதோடு பதிவேடும் என் கைக்கு வந்தன. கணக்கு எழுதிப் பழகியவன் என்பதால் இது எனக்குப் புதிய வேலையாகத் தோன்றவில்லை. ஆனால், கூலிக் கணக்கில் ஒரு வரி தவறினால் அடுத்த சம்பளத்தில் சரிசெய்துவிடலாம். மயானப் பதிவேட்டில் விடுபட்ட ஒரு வரியைப் பிறகு எழுத, பெரும்பாலும் சாட்சியே இருப்பதில்லை.

இறந்தவர் யார், எப்போது இறந்தார் என்பதற்கு நாட்டில் ஏற்பாடு இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் 1957-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி மரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். அடக்கம் செய்வதற்கான பெர்மிட்டைப் பெற வேண்டும். அந்தப் பெர்மிட் கைக்கு வராமல் நாங்கள் நல்லுடலை உள்ளே ஏற்பதில்லை. இடுகாடுகளையும் சுடலைகளையும் பற்றிய விதிகள் 1976-ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டத்திலும் இருக்கின்றன. எனினும், தேசியப் பதிவிலாகா தரும் இறப்புச் சான்றிதழ், இறந்தவர் எந்த வரிசையில் எத்தனையாவது குழியில் இருக்கிறார் என்பதைச் சொல்லாது. அதைச் சொல்லக்கூடிய ஒரே புத்தகம் மயானத்தாரின் பதிவேடு. யார் என்பதை மட்டும் எழுதி, எங்கே என்பதை எழுதாமல் விட்ட பதிவு பாதிப் பதிவுதான் என்பது இத்தனை கால அனுபவத்தில் எனக்கு உறுதியாகிவிட்டது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஊராட்சி மன்றங்கள் நடத்தும் இடுகாடுகளுக்கு 1977-இல் ஓர் ஆணை வந்தது. ஒவ்வொரு குழிக்கும் தனி எண் கொடுத்து அதை வரைபடத்தில் காட்ட வேண்டும், அடக்கப் பதிவேடு வைத்திருக்க வேண்டும், தோண்டி எடுக்கப்பட்ட உடல்களையும் பதிவு செய்ய வேண்டும் என்று அது கட்டாயமாக்குகிறது. வரைபடமும் பதிவேடும் ஒரே எண்ணால் பிணைக்கப்பட வேண்டும் என்பதே அதன் சாரம் என்று நான் புரிந்துகொண்டேன். நாங்கள் செய்ய முயன்றதும் அதைத்தான்.

எனக்குக் கிடைத்த பழைய புத்தகம் தோட்ட நிர்வாகக் காலத்தது. நீண்ட கணக்குப் புத்தகம். கறுப்பு மை பழுப்பாகியிருந்தது. தேதி, பெயர், செக்ரோல் (தோட்டத் தொழிலாளர் பெயர்ப் பட்டியல்) எண், வயது, டிரஸ்ஸர் (தோட்ட மருத்துவ உதவியாளர்) குறித்துக்கொடுத்த காரணம் என்று கட்டங்கள் ஒழுங்காக ஓடின. எழுதியவரின் கையெழுத்து அச்சடித்ததைப் போல இருந்தது. ஆனால், இடம் என்பதற்குத் தனிக் கட்டம் இல்லை. ஓரத்தில் சில இடங்களில் மட்டும் ‘புளியமரத்துக்குக் கிழக்கே’, ‘மேட்டுப் பக்கம்’, ‘பெரிய கங்காணி கல்லறைக்கு அடுத்து’ என்று குறிப்புகள் இருந்தன. எழுதிய நாளில் தோட்டத்தில் எல்லோருக்கும் அந்தப் புளியமரம் தெரிந்திருக்கும். இன்று அது இருந்த இடத்தைக் காட்ட ஆள் இல்லை. தோட்டத்தில் மரத்தை அடையாளமாக வைத்து எதையும் எழுதக்கூடாது. பால்மரமும் செம்பனையும் ஏறத்தாழ இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டப்பட்டு மறுநடவு செய்யப்படுகின்றன. அப்போது பாதை மாறும், சாக்கடை மாறும், மேடும் சமன்படுத்தப்படும்.

ஆகவே, மாறாத புள்ளிகளைத் தேடினோம். நில அளவைத் துறையின் எல்லைக்கல், முனீஸ்வரர் சன்னிதியின் சிமெண்டு மேடையின் மூலை ஆகிய இரண்டையும் தேர்ந்தெடுத்தோம். ஒவ்வொரு கல்லறையின் தலைமாட்டிலிருந்தும் இவ்விரண்டு புள்ளிகளுக்கும் நாடாவால் அளந்து, இரண்டு தூரங்களையும் பதிவேட்டில் எழுதினோம். இரு புள்ளிகளிலிருந்து தூரம் தெரிந்தால், எந்தப் பக்கம் என்பதையும் குறித்துவிட்டால், கல்லறையின் மேல் ஒன்றுமே மிச்சமில்லாத காலத்திலும் அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். கைப்பேசியில் இடங்குறி (ஜி.பி.எஸ்.) எடுத்தால் போதுமே என்று இளைஞர்கள் கேட்டார்கள். திறந்த வெளியிலேயே கைப்பேசி சில மீட்டர் தள்ளிக் காட்டும். எங்கள் வரிசைகளில் ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் இடையே அத்தனை தூரம் இல்லை. மயானத்துக்கு வழி கண்டுபிடிக்க அது உதவும். கல்லறையை அடையாளம் காட்ட உதவாது. அளந்து முடித்த ஒவ்வொரு தலைமாட்டிலும் எண் பதித்த சிறிய சிமெண்டுக் கட்டையை நிலமட்டத்துக்குப் புதைத்தோம். நிலத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் புல்வெட்டும் இயந்திரம் உடைத்துவிடும்.

பெயர் தெரியாத கல்லறைகள்தான் அதிக உழைப்பைக் கேட்டன. எழுத்து மங்கிய கற்களைக் காலை ஏழரை, எட்டு மணிக்குப் பார்க்க வேண்டும்; சாய்ந்த வெயிலில் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும். உச்சி வெயிலில் அதே கல் வெறும் பலகையாகத் தெரியும். கம்பித் தூரிகையால் தேய்க்க நான் யாரையும் விடுவதில்லை. மிச்சமிருக்கும் எழுத்தும் போய்விடும். கல்லே இல்லாத இடங்களுக்குப் பழைய செக்ரோல் புத்தகங்கள் கைகொடுத்தன. பெரட்டில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும்போது, ஒருவர் பெயர் எந்த நாளோடு நின்றது, அதற்கு எதிரே என்ன குறிப்பு எழுதப்பட்டது என்பதைக் கொண்டு மரணத் தேதியை நெருங்கலாம். கல்லறையில் தமிழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ரோமன் எழுத்தில் இன்னொரு வடிவம், லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) கூப்பிட்ட பெயர் வேறு என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர்கள் இருப்பது எங்கள் ஊரில் சாதாரணம். அதனால் தமிழ் வடிவம், அட்டையில் உள்ள வடிவம், வழக்குப் பெயர், தகப்பனார் பெயர் நான்கையும் எழுதுகிறோம். அடையாள அட்டை எண்ணையும் சேர்க்கிறோம். 1990-இலிருந்து வந்த பன்னிரண்டு இலக்க எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி என்பதால், ஒரே பெயருள்ள இருவரைப் பிரித்தறிய அது உதவுகிறது. அட்டையே இல்லாமல் வாழ்ந்து இறந்தவர்களும் இங்கே உண்டு; அவர்களுக்குப் பெர்மிட் எண்ணும் உறவினர் வாக்குமூலமும்தான் ஆதாரம். அவர்களுடைய பதிவை நான் இன்னும் கவனமாக எழுதுகிறேன். வேறு எந்த அலுவலகத்திலும் அவர்களைப் பற்றி ஒரு வரி இருக்கும் என்று நம்ப முடியாது.

ஒருமுறை கிள்ளானிலிருந்து வந்த ஓர் அம்மா, “எங்க பாட்டிய இங்கதான் பொதைச்சாங்கன்னு அம்மா சொல்லுவாங்க, எந்தப் பக்கம்னு மட்டும் காட்டுங்க ஐயா, போதும்” என்றார். பழைய புத்தகத்தில் பாட்டியின் பெயரும் தேதியும் தெளிவாக இருந்தன, இடம் இல்லை. அந்த ஆண்டில் அடக்கமானவர்களின் கற்கள் இருக்கும் வரிசையைத்தான் என்னால் காட்ட முடிந்தது. அவர் அந்த வரிசை முழுவதற்கும் பூப்போட்டுவிட்டுப் போனார்.

பதிவேடு இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் மக்கள் மிகக் கொடுமையாக அனுபவித்தது, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாமுக்கும் (தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே போட்ட சயாம் மரண இரயில் பாதையில். 1942-இலும் 1943-இலும் ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை அந்த வேலைக்குக் கொண்டுபோனார்கள். அதே பாதையில் வேலை செய்த நேசநாட்டுப் போர்க்கைதிகள், இறந்த தோழர்களின் பெயரையும் புதைத்த இடத்தையும் இரகசியமாகக் குறித்து மறைத்து வைத்திருந்தார்கள். 1945-இல் போர் முடிந்ததும் ஒரு குழு அந்தக் குறிப்புகளோடு பாதை நெடுகச் சென்று, 144 இடுகாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தது. காஞ்சனபுரி, சுங்காய், தன்பியூசயாட் ஆகிய மூன்று இடங்களில் இன்று பெயர் பொறித்த வரிசைகளாக இருப்பவை பெரும்பாலும் அப்படிக் கிடைத்தவை. நம்மவர்கள் அதைவிட அதிகம் பேர் இறந்தார்கள். குறித்து வைக்க ஆள் இல்லை, தேடிப் போகக் குழுவும் இல்லை. எங்கள் பழைய செக்ரோலில் 1943-ஐ ஒட்டி நின்றுபோய்த் திரும்ப வராத பெயர்களைப் பார்க்கும்போதெல்லாம், பதிவேடு எழுதுவது அலுவலக வேலை மட்டும்தான் என்று என்னால் நினைக்க முடிவதில்லை.

தோட்டம் கைமாறும்போது இதே கேள்வி வேறு உருவில் வருகிறது. தோட்ட மயானங்கள் பலவற்றுக்குத் தனிப் பட்டா கிடையாது. நிலம் நிறுவனத்தின் பெயரில் இருக்கும். 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தின் 62-ஆவது பிரிவின்படி அரசு நிலத்தை இடுகாட்டுக்கென ஒதுக்கி அரசிதழில் அறிவிக்கலாம். ஆனால், அதற்குத் தனியார் நிலம் முதலில் அரசிடம் திரும்ப ஒப்படைக்கப்பட வேண்டும். அதற்காக அலுவலகப் படியேறும்போது அதிகாரி முதலில் கேட்பது, எத்தனை கல்லறைகள், எவ்வளவு பரப்பு, கடைசியாக எப்போது அடக்கம் நடந்தது என்பதுதான். பக்கத்துத் தோட்டம் ஒன்று விற்கப்பட்டபோது, அங்கிருந்த மயானக்காரர்களிடம் இதற்குப் பதில் இல்லை. கல் வைத்த சில கல்லறைகள் மட்டுமே கணக்கில் வந்தன. மண்மேடுகள் வெற்று நிலமாக எடுத்துக்கொள்ளப்பட்டன. எங்கள் முறை வந்தபோது, எண்ணிட்ட வரைபடத்தையும் பதிவேட்டின் நகலையும் மேசைமேல் வைத்தோம். பேச்சு இன்னும் முடியவில்லை. ஆனால், அங்கே கல்லறைகள் இருக்கின்றனவா என்ற வாதம் முதல் கூட்டத்தோடு நின்றுவிட்டது.

எழுதும் முறையைப் பற்றியும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். பக்க எண் அச்சிட்ட தைத்த புத்தகம்தான் வேண்டும். தாளைக் கோக்கும் கோப்பு கூடாது. திருத்தம் வந்தால் ஒரே கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். வெள்ளை மை தடவக் கூடாது. ஒரு குழியின் எண்ணை, அந்த உடல் வேறிடத்துக்கு மாற்றப்பட்டாலும், இன்னொரு குழிக்குக் கொடுக்கக் கூடாது. கணவனுக்குப் பக்கத்தில் மனைவிக்கென்று விட்ட இடத்தை அன்றைக்கே எழுதிவிட வேண்டும். வாய்வார்த்தையாக விட்டால் பிள்ளைகள் காலத்தில் சண்டை நிச்சயம். மின்சுடலையில் எரிக்கப்பட்டவர்களின் அஸ்தியை இங்கே அடக்கினாலும், யார் கொண்டுவந்து கையெழுத்திட்டார் என்பதோடு அதுவும் அதே புத்தகத்தில் வரிசை எண் பெறும். மரணக் காரணத்தைப் பொதுப் பார்வைக்கான நகலில் சேர்ப்பதில்லை. அது குடும்பத்தின் விஷயம்.

2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, கோவிட் காலத்தில் அடக்கத்துக்கு உறவினர்கள் வர முடியாமல் போனபோது, எங்கே என்ற கட்டத்தின் அருமை குழுவில் எல்லோருக்கும் புரிந்தது. மாதங்கள் கழித்து வந்த பிள்ளைகளுக்கு வரிசையையும் எண்ணையும் எழுதிக் கொடுத்தோம். அவர்கள் யாரையும் கேட்காமல் நேரே போய் நின்றார்கள்.

இப்போது பதிவேட்டின் ஒரு பிரதி கோயில் அலுவலகத்தில், ஒரு பிரதி என் வீட்டில், ஒளிப்படப் பிரதி குழுவின் மூவரிடம் இருக்கிறது. செயலாளர் மாறும்போது ஆண்டுக் கூட்டத்தில் புத்தகங்களை எண்ணி, கடைசிப் பதிவின் எண்ணைக் கூட்டக் குறிப்பில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும் என்று விதி செய்திருக்கிறோம். இன்னும் எங்களுக்குக் கிடைக்காமல் இருப்பவை, மூடப்பட்ட தோட்டப் பிரிவுகளின் செக்ரோல்களும் தோட்ட மருத்துவமனைப் புத்தகங்களும். அவற்றை அலமாரியில் செல்லரிக்க வைத்திருக்கும் நிர்வாகங்கள், அலுவலகத்தைக் காலி செய்து எரிப்பதற்கு முன் பக்கத்து மயானக் குழுவுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் போதும். வண்டியும் ஆளும் எடுத்துக்கொண்டு நாங்களே வந்து வாங்கிக்கொள்வோம்.