‘நீங்க’ எப்போது ‘நீ’ ஆகிறது: காமக்கதை எழுதும் வேலை

தமிழில் காமக்கதை எழுத உட்காருகிறவர் முதல் பக்கத்திலேயே முட்டிக்கொள்வது சொல்லில்தான். உடலின் உறுப்புகளுக்கு நம்மிடம் மூன்று வகைச் சொற்கள் இருக்கின்றன. ஒன்று உயிரியல் பாடப்புத்தகத்துச் சொல். படித்ததும் கரும்பலகையும் வரைபடமும் கண்முன் வரும். இரண்டாவது தெருச்சண்டையில் வீசப்படும் சொல். அது வெறுப்போடு சேர்ந்தே நம் காதில் விழுந்தது, கட்டிலுக்குக் கொண்டுபோனாலும் அந்த வெறுப்பு கூடவே வரும். மூன்றாவது கொங்கை, அல்குல் போன்ற செய்யுள் சொற்கள். சோழிங்கநல்லூரில் வேலை முடிந்து ஷேர் ஆட்டோவில் வீடு திரும்பும் பெண்ணின் கதையில் ‘அல்குல்’ என்று எழுதினால் கதை அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

பழகிய கை இந்த மூன்றையும் முடிந்தவரை ஒதுக்கிவிட்டு, பெயர்ச்சொல்லின் வேலையை வினைச்சொல்லுக்குக் கொடுக்கிறது. தமிழ் அதற்குத் தோதான மொழி. வினையெச்சங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, முற்றுவினையை வாக்கியத்தின் கடைசிவரை தள்ளிவைக்கலாம். ‘கூந்தலை ஒதுக்கி, பின்கழுத்தில் ஒட்டியிருந்த ஒற்றை மல்லிகையை எடுத்து, அதை எங்கே போடுவதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.’ இதில் ஒரு உறுப்பின் பெயரும் பச்சையாக இல்லை. ஆனால் ‘நின்றான்’ வரும்வரை வாசகர் காத்திருக்கிறார். எச்சங்கள் நான்கைத் தாண்டினால் இது கெட்டுவிடும். அப்போது வாக்கியம் சமையல் குறிப்பு போல ஒலிக்கத் தொடங்கும். நீண்ட வாக்கியம் ஒன்று முடிந்ததும் இரண்டு சொல் வாக்கியம் ஒன்று வைத்தால் மூச்சு சரியாகும்.

எழுவாயை விட்டுவிட முடிவதும் ஒரு வசதி. ‘தொட்டாள்’ என்றாலே யார் என்பது விகுதியில் இருக்கிறது. ஆனால் இரு பெண்களின் கதையில் இதே வசதி சிக்கலாக மாறும். இருவருக்கும் ‘ஆள்’ விகுதிதான். மூன்றாவது வாக்கியத்தில் யாருடைய கை யாருடைய தோளில் என்று தெரியாது. பெயரைத் திரும்பத் திரும்ப எழுதினால் வாசிப்பு தடுக்கும். ஒருத்திக்கு மட்டும் விடாத ஓர் அடையாளம் கொடுத்துவிடுங்கள்: ஈரத்தலை, கண்ணாடி வளையல், மருதாணிக் கை. ‘மருதாணிக் கை’ என்றதும் ஆள் தெரிந்துவிடும். அல்லது காட்சி முழுவதையும் ஒருத்தியின் ‘நான்’ வழியாகச் சொல்லிவிடலாம்.

இவற்றையெல்லாம்விட விளி முக்கியம். இரண்டு பேர் ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதில் தமிழ்க் காமக்கதையின் பாதி இருக்கிறது என்றே நினைக்கிறேன். அலுவலகத்தில் ‘நீங்க’, லிஃப்டில் ‘நீங்க’, மழைக்கு ஒதுங்கிய கடை வாசலிலும் ‘நீங்க’. அப்புறம் ஒரு நாள் போனில் தெரியாமல் ஒரு ‘நீ’ விழுகிறது. அதற்குப் பிறகு இருவரும் ஒரு நொடி பேசாமல் இருப்பதை எழுதத் தெரிந்தவர் முத்தக் காட்சிக்கு அவசரப்பட மாட்டார். பத்து வருடம் ‘என்னங்க’ என்று அழைத்த மனைவி விளக்கணைந்த அறையில் ‘டேய்’ என்றால் அந்தக் கதையின் பெரிய நிகழ்வு அதுதான். கோவைப் பக்கத்து ஆளின் ‘ங்க’ எவ்வளவு நெருங்கினாலும் போகாது. அதை வைத்துக்கொண்டே நெருக்கத்தைக் காட்டுவது தனி அழகு. கதை தொடங்கும் முன் ஒரு தாளில் இருவரின் விளிகளையும் எழுதிக்கொள்ளுங்கள்: நாலு பேர் முன்னால், தனியே இருக்கும்போது, கோபத்தில், இருட்டில். எந்தப் பக்கத்தில் எது மாறுகிறது என்று முடிவானால் கதையின் எலும்புக்கூடு கிடைத்துவிடும்.

பேச்சும் அப்படியே. ‘என்னை முத்தமிடு’ என்று நம் ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பெரும்பாலும் ஒரு ‘ம்’ தான். கேள்வியாக வரும் ‘ம்?’, சம்மதமாக வரும் ‘ம்’, வேண்டாம் என்று இழுபடும் ‘ம்ஹும்’ எல்லாம் வெவ்வேறு. எந்த ‘ம்’ என்பதை அதன் முன்னும் பின்னும் உள்ள செயல்தான் காட்ட வேண்டும். சம்மதம் கேட்பது காட்சியின் சூட்டைத் தணித்துவிடும் என்று புதிதாக எழுதுகிறவர்கள் பயப்படுகிறார்கள். நடப்பது நேர்மாறு. ‘வேணாம்னா சொல்லு’ என்று ஒருவர் நிறுத்தி, மற்றவர் பதில் சொல்லாமல் கதவின் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வருவது, கேட்காமல் நடக்கும் எதையும்விடத் தீவிரமானது. வற்புறுத்தலை மோகமாகக் காட்டும் பழக்கம் நம் மலிவுக் கதைகளில் ஊறிப்போயிருக்கிறது. அதை அறவே விட்டுவிட வேண்டும்.

அடுத்தது இடம். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று அகத்திணை இலக்கணம், அதாவது பழந்தமிழ்க் காதல் பாடல்களுக்கான இலக்கணம், பிரித்துவைத்திருப்பது இன்றைக்கும் நேரடியாகப் பயன்படும் வேலைத்திட்டம். முதலில் நிலமும் பொழுதும், பிறகு அங்குள்ள பொருள்கள், கடைசியில்தான் உணர்ச்சி. மலைநிலமான குறிஞ்சிக்கு நள்ளிரவான யாமத்தையும் குளிர்ந்த கூதிர்காலத்தையும் வைத்தார்கள். நம் கதைக்கு அது மே மாத மதியம், மின்வெட்டு, மொட்டைமாடியில் காயும் வடகம் என்று இருக்கலாம். தாளின் மேல்பாதியில் ஊர், மாதம், மணி. அதன்கீழ் அந்த அறையில் உள்ள பொருள்களில் ஒரு பதினைந்து: பாய், எவர்சில்வர் சொம்பு, ஓடும்போது கிரீச்சிடும் மின்விசிறி, சுவரில் தினசரி நாள்காட்டி. அவற்றில் மூன்றுதான் கதைக்குள் போகும். அந்த மூன்றும் குறைந்தது இரண்டு முறை வர வேண்டும். முதல்முறை வெறும் பொருளாக, இரண்டாம் முறை பொருள் ஏறியதாக. குறுந்தொகை 25இல் கபிலர் செய்திருப்பதைப் பாருங்கள். தலைவன் தன்னைக் கூடிய பொழுதைத் தலைவி ‘மணந்த ஞான்று’ என்ற இரண்டே சொல்லில் தாண்டிவிடுகிறாள். பாட்டின் இடத்தையெல்லாம் எடுத்துக்கொள்வது அங்கே ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்திருந்த குருகும், தினைத்தாள் போன்ற அதன் கால்களும். சாட்சி அது ஒன்றுதான். அதுவும் மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் பொய்த்துவிட்டால் என்ன செய்வது என்ற அவளுடைய பயம் முழுவதும் அந்தப் பறவையில் இருக்கிறது.

அளவுக்கும் ஒரு முன்மாதிரி உண்டு. திருக்குறளின் காமத்துப்பாலில் 25 அதிகாரங்கள்; களவியலுக்கு 7, கற்பியலுக்கு 18. புணர்ச்சி மகிழ்தல் என்று பெயர் பெற்றது ஒரே அதிகாரம், 250 குறளில் பத்து. பிரிவும் காத்திருப்பும் ஊடலும்தான் மற்றவற்றில் பெரும்பகுதி. 5,000 சொல் கதை என்றால் தடைக்கும் நெருக்கத்துக்கும் 2,000, நடக்கப்போய் நடக்காமல் போகும் ஒரு தருணத்துக்கு 1,200, கூடலுக்கு 1,000, அதற்குப் பிறகு 800 என்று பிரித்துக்கொள்ளலாம். தடை வலுவாக இல்லாவிட்டால் கூடல் எத்தனை சொல் போனாலும் எடுபடாது. அந்தத் தடை இந்த மண்ணுடையதாக இருக்கட்டும்: ஒற்றை அறை வீடு, அடுத்த அறையில் இருமும் மாமனார், விடுதி வரவேற்பில் கேட்கும் ஆதார் அட்டை, எதிர்வீட்டுத் திண்ணை.

அன்றாட வேலைக்கு ஒழுங்கு தேவை. வீடு எழும் முன் காலை ஐந்திலிருந்து ஆறரை வரை என்பது பலருக்கும் ஒத்துவரும் நேரம். மற்ற பகுதிகள் அந்த ஒன்றரை மணியில் 600 சொல் வரை போகும். கூடல் காட்சி மணிக்கு 250, 300 சொல்தான் நகரும். அதைக் குறையாக எண்ண வேண்டாம். காலை ஒன்றரை மணி அதற்குப் போதாது, நாலு மணி நேரம் கிடைக்கும் ஒரு விடுமுறை நாளில் அந்தக் காட்சியை ஒரே அமர்வில் எழுதி முடிப்பது நல்லது. பாதியில் விட்டால் மறுநாள் குரல் மாறிவிடும். விட்டவர்கள் இரண்டு பக்கம் பின்னால் போய் வாசித்துவிட்டுத் தொடர வேண்டும். ஒரே நாளில் இரண்டு காட்சி எழுதாதீர்கள். முதல் காட்சியின் வினைச்சொற்களே இரண்டாவதிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். எழுதும்போது எழுதுபவருக்கு வரும் கிளர்ச்சியை அளவுகோலாகக் கொள்ளவும் கூடாது. பத்து நாள் மூடிவைத்து, குளிர்ந்த மனதோடு வாசிக்கையில் எந்த வரி இன்னும் நிற்கிறதோ அதுதான் வரி.

காட்சிக்கு முன் உடைக்கணக்கு ஒன்று போட வேண்டும். சேலை 5.5 மீட்டர் துணி. தோளில் ஒரு ஊக்கு, கொசுவத்தில் இன்னொன்று, உள்ளே நாடா கட்டிய பாவாடை, முன்பக்கம் கொக்கி வைத்த ஜாக்கெட். ‘ஒரே இழுப்பில் சேலை நழுவியது’ என்று எழுதினால் சேலை கட்டும் வாசகி அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவாள். தோள் ஊக்கைக் கழற்றி அதைத் தொலைத்துவிடாமல் தாலிச் சரட்டில் மாட்டிக்கொள்ளும் பழக்கம் எத்தனை பெண்களுக்கு இருக்கிறது! அந்த ஒரு செயலில் நிஜம் இருக்கிறது, தாமதமும் இருக்கிறது. கைகளையும் எண்ணிப் பாருங்கள். ஒரு கை கன்னத்தில், ஒரு கை இடுப்பில், மூன்றாவதாக ஒரு கை விளக்கை அணைக்கும் தவறு அச்சான கதைகளிலும் உண்டு. வளையல் போட்ட கை சத்தம் செய்யும். அடுத்த அறையில் ஆள் இருந்தால் அதற்கு ஏதாவது செய்தாக வேண்டும்.

திருத்தும்போது ‘மெல்ல’, ‘இதழ்’, ‘சிலிர்ப்பு’, ‘தேகம்’ ஆகியவற்றைத் தேடி எண்ணுங்கள். தமிழில் சொல் வேற்றுமையும் காலமும் ஏற்று மாறுவதால் முழுச்சொல்லைத் தேடினால் அகப்படாது. ‘சிலிர்’ என்று வேரளவில் தேட வேண்டும். 5,000 சொல்லில் ‘மெல்ல’ நான்கைத் தாண்டினால் வெட்டுங்கள். பிறகு ஐம்புலன் சரிபார்ப்பு. கண்ணும் தொடுதலும் தானாக வந்துவிடும். விடுபடுவது பெரும்பாலும் மணமும் சுவையும்தான்: தலைக்கு வைத்த எண்ணெய், கழுத்தில் உப்பு, மதியம் தின்ற மாங்காய்.

உறவுச்சொல்லில் கவனம் வேண்டும். கடைக்காரர் முதல் பக்கத்துவீட்டார்வரை ‘அண்ணா’, ‘அக்கா’ என்று அழைப்பது நமக்கு இயல்பு. அதே ஆள் பின்னால் காதலர் ஆனால் அந்த ‘அண்ணா’ உதிரும் இடத்தைக் கதை காட்டியே ஆக வேண்டும். கணவரை அழைக்கும் ‘மாமா’வை, கதையை வெளியிடும் இணையதளத்தில் மொழிபெயர்த்துப் பார்க்கும் பரிசோதகருக்கு அது தாய்மாமனாகத் தெரியலாம், பெரும்பாலான தளங்கள் குடும்ப உறவுக் காமத்தை நிராகரிப்பவை. வயதில் தளர்வே கூடாது. எல்லாப் பாத்திரங்களும் 18 தாண்டியவர்கள் என்பது வேலை, வருடக்கணக்கு வழியாகத் தெளிவாகத் தெரிய வேண்டும். கல்லூரி முதலாண்டு மாணவருக்கு 17 வயதும் இருக்கலாம் என்பதால் அந்தக் களத்தையே தவிர்ப்பது நல்லது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு, குழந்தைகளை ஆபாசமாகக் காட்டும் படங்களோடு எழுத்தையும் சேர்த்தே குற்றமாக்குகிறது.

பெரியவர்கள் பற்றிய எழுத்துக்கும் சட்ட எல்லை உண்டு. அச்சில் வருவதற்கு, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 294ஆம் பிரிவு. இணையத்தில் அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67ஏ பிரிவுகள். முதல்முறை தண்டிக்கப்பட்டால் 67இல் 3 ஆண்டுவரை சிறையும் 5 லட்சம்வரை அபராதமும். 67ஏயில் 5 ஆண்டு, 10 லட்சம். 2014இல் அவீக் சர்க்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம், சில பகுதிகளை மட்டும் தனியே எடுத்து ஆபாசமா என்று பார்க்கும் பழைய ஹிக்லின் அளவுகோலை விட்டுவிட்டு, சமகாலச் சமூக அளவுகோலை வைத்தும் படைப்பை முழுமையாகக் கொண்டும் பார்க்க வேண்டும் என்றது. கதை இல்லாமல் காட்சியை மட்டும் துண்டு துண்டாகப் பதிவிடுவது இலக்கியக் காரணத்தால் மட்டுமல்ல, இதனாலும் தவறான வழி. நிஜ மனிதர்களை வைத்து எழுதவே கூடாது. அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியம் விதித்தது இந்த வேலைக்கும் அப்படியே பொருந்தும்.

புனைபெயரில் எழுதுகிறவர்கள் மாட்டிக்கொள்வது சின்ன இடங்களில். போன் விசைப்பலகை நீங்கள் அடிக்கும் சொற்களைக் கற்றுக்கொண்டு, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தட்டச்சும்போது எடுத்து நீட்டும். அமைப்புகளில் போய்க் கற்ற சொற்களை அழித்துவிடுங்கள், இல்லையென்றால் கணினியில் தனிப் பயனர் கணக்கில் மட்டும் எழுதுங்கள். வேர்ட் கோப்பின் பண்புகளில் ஆசிரியர் என்று சொந்தப் பெயர் ஒட்டியிருக்கும். அனுப்பும் முன் நீக்க வேண்டும். வாசகர் யுபிஐயில் பணம் அனுப்பினால் வங்கியில் உள்ள உங்கள் பெயர் அவருக்குத் தெரியும். அமேசானில் மின்னூல் வெளியிடும் கிண்டில் கணக்கு உண்மைப் பெயரிலும் பான் எண்ணோடும் இருக்க வேண்டும், நூலாசிரியர் இடத்தில் புனைபெயர் போடலாம். அதன் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்த்த மின்னூல் 90 நாள் வேறெங்கும் மின்வடிவில் இருக்கக் கூடாது. வலைப்பூவில் போட்ட அதே கதையை நீக்க மறந்தால் சிக்கல். அட்டையோ தலைப்போ பச்சையாக இருந்தால் பொதுத் தேடலில் புத்தகம் தென்படாமல் போகலாம்.

வாசகர்களில் சிலர் ‘கதையெல்லாம் வேண்டாம், அதை மட்டும் எழுதுங்கள்’ என்பார்கள். 1940களில் பக்கத்துக்கு ஒரு டாலர் கொடுத்து காமக்கதைகள் வாங்கிய, பெயரை வெளிப்படுத்தாத சேகரிப்பாளர் ஒருவர், எழுத்தாளர் அனாயிஸ் நின்னிடமும் கவிதையை விட்டுவிடச் சொன்னார். அப்படியும் நின்னின் சொந்தக் குரல் முழுவதுமாக அடங்கிப்போகவில்லை. 1977இல் நூலாக வந்த அந்தக் கதைகளை இன்றும் படிக்கிறோம்.

கூடலுக்குப் பின் வரும் 800 சொல்லைச் சோர்வில் குறைத்துவிடாதீர்கள். யார் முதலில் எழுந்து தண்ணீர் குடிப்பது, சொம்பை யாரிடம் நீட்டுவது, சேலையின் மறுமுனையை யார் பிடித்து மடிக்க உதவுவது, காலையில் வாசலில் நின்று பேசும்போது மறுபடி ‘நீங்க’வா, ‘நீ’யா.